மூன்று நாள் பிராகும் இரண்டு பயணத் திட்டங்களும்

சென்ற வாரம் எங்கள் வளாகத்தில் ஆய்வு செய்யும் இளையவர் ஒருவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். பிராக் நகரில் நடைபெறவுள்ள கருத்தரங்கு ஒன்றில் அவருடைய கட்டுரை ஏற்கப்பட்டிருக்கிறது. கருத்தரங்கு இரண்டு நாள். அதன்பின் மூன்று நாள் தங்கி ஊர் பார்த்துவிட்டு ஹைதராபாத் திரும்புவதாக எண்ணம். கைப்பேசியில் 34 இடங்களின் பட்டியல் இருந்தது. "அண்ணா, நீங்கள் போய் வந்தவர். இதில் எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். அந்தக் கேள்விக்கு நின்ற இடத்திலேயே விடை சொல்ல இயலவில்லை. காரணம், சென்ற ஆண்டு நானும் அப்படியொரு பட்டியலோடுதான் போனேன். அதனால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். முதன்முறையாக அயல்நாட்டுக் கருத்தரங்குக்குச் செல்லும் ஆய்வு மாணவர்களுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் நெறியாளர்களுக்கும் பயன்படலாம்.

நம்மைப் போன்றோர் ஐரோப்பியத் தலைநகர் ஒன்றுக்குப் புறப்படும்போது உண்மையில் இரண்டு பயணத் திட்டங்களை எழுதுகிறோம். முதலாவது, விசா அலுவலருக்கு. ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் எந்த நாள் எங்கே தங்குவோம், எப்படித் திரும்புவோம் என்று காட்ட வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு வேண்டும். செலவுக்குப் பணம் இருப்பதற்கு வங்கிக் கணக்கு சாட்சி சொல்ல வேண்டும். 2024 ஜூன் மாதம் முதல் விசாக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் அது திரும்ப வராது. நான் விண்ணப்பித்த சமயத்தில் என் உதவித்தொகை நான்கு மாதமாக வந்து சேரவில்லை. அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போன பிறகுதான் என் வங்கிக் கணக்கு பார்க்கத்தக்கதாயிற்று. இந்த முதல் திட்டத்தின் ஒவ்வொரு வரியும் ஒரே செய்தியைத்தான் சொல்கிறது: நான் போவேன், பார்ப்பேன், தவறாமல் திரும்பிவிடுவேன்.

இரண்டாவது திட்டம் நமக்கானது. அந்த நகரத்திடம் நான் என்ன கேட்கப் போகிறேன் என்பதே அதன் பொருள். பெரும்பாலோர் இதை எழுதுவதேயில்லை. விசாவுக்காக இணையத்தில் திரட்டிய இடங்களின் வரிசையே, விசா கிடைத்த மகிழ்ச்சியில், உண்மையான பயணத் திட்டமாகவும் ஆகிவிடுகிறது. சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டே நகரைச் சுற்றுகிறோம்.

எனக்கு நேர்ந்தது இதுதான். பழைய நகரச் சதுக்கத்தில் 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் இருக்கிறது. மணிக்கொரு முறை சிறு சாளரங்களில் திருத்தூதர்களின் உருவங்கள் வந்துபோகும். காட்சி ஒரு நிமிடம்கூட நீடிக்காது. கூட்டத்தோடு கூட்டமாகக் காத்திருந்தேன், படமெடுத்தேன், பட்டியலில் ஒரு வரியை அடித்துவிட்டு நகர்ந்தேன். ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்து, வேறொரு தேவைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் தெரியவந்தது: அந்த நகர மன்றக் கட்டடத்தை ஒட்டிய நடைதளத்தில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஹாப்ஸ்பர்க் பேரரசருக்கு எதிரான கிளர்ச்சி தோற்ற பின், 1621 ஜூன் 21 அன்று அச்சதுக்கத்தில் மரண தண்டனைக்கு உள்ளான 27 பேரின் நினைவு அது. அவர்களுள் ஒருவர் மருத்துவர் யான் எசேனியுஸ். பிராகில் 1600ஆம் ஆண்டு பொதுமக்கள் முன்னிலையில் உடற்கூறாய்வு நடத்திக் காட்டியவர்; சார்லஸ் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். கொல்லப்படுவதற்கு முன் அவருடைய நாவை அறுத்தார்கள். ஒரு பல்கலைக்கழகத் தலைவர் பேசியதற்காக நாவிழந்த இடத்தில், பல்கலைக்கழக மாணவனாகிய நான், நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என் படங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூடத் தரை இல்லை.

ஆகவே என் கருத்து இதுதான். மூன்று நாளே கிடைக்கும் பயணத்தை இடங்களின் பட்டியலாக வகுக்கக் கூடாது. ஒரு கேள்வியை முன்வைத்து வகுக்க வேண்டும். படிக்காத நூல்களை அடிக்குறிப்பில் அடுக்கும் ஆய்வேட்டை நாம் மதிப்பதில்லை. ஒரு நாளில் பன்னிரண்டு இடங்களைத் தொட்டுவிட்டு ஓடும் பயணமும் அத்தகைய அடிக்குறிப்புத்தான். கேள்வி எதுவாகவும் இருக்கலாம். வானியல் படிப்பவருக்கு டைக்கோ பிராகேயும் கெப்ளரும் போதும். முன்னவரின் கல்லறை அதே சதுக்கத்தருகே தீன் தேவாலயத்தில் உள்ளது, பின்னவர் 1609இல் வெளியான தம் 'புதிய வானியல்' நூலின் ஆய்வை அந்நகரில் இருந்தே செய்தார். மீண்டும் போக வாய்த்தால், நான் எடுத்துச் செல்லும் கேள்வி வேறு: ஒரு நகரம் தன் பல்கலைக்கழகத்தையும் மாணவர்களையும் என்ன செய்தது? அவர்கள் அந்நகரத்தை என்ன செய்தார்கள்?

முதல் நாளைக் கோட்டையில் தொடங்கலாம். 1344இல் கட்டத் தொடங்கி 1929இல்தான் முற்றுப்பெற்ற புனித விட்டுஸ் பேராலயம் அங்கே இருக்கிறது. பழைய அரண்மனையில், 1618 மே 23 அன்று பேரரசரின் பிரதிநிதிகளைக் கிளர்ச்சியாளர்கள் தூக்கி வெளியே எறிந்த சாளரத்தையும் காணலாம். முப்பதாண்டுப் போருக்கு வித்திட்ட நிகழ்ச்சி அது. அங்கிருந்து இறங்கிச் சார்லஸ் பாலத்தைக் கடந்து பழைய நகரச் சதுக்கத்துக்கு நடந்தால், மூன்றாண்டு வரலாற்றை ஒரு பிற்பகலில் காலால் அளந்துவிடலாம்: சாளரத்தில் தொடங்கியது அந்த 27 சிலுவைகளில் முடிகிறது. சதுக்கத்தின் நடுவில் யான் ஹுஸின் நினைவுச் சின்னம் நிற்கும். அவரும் அப்பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர்தான். 1415இல் கொன்ஸ்டான்ஸ் நகரில் எரிக்கப்பட்டார்.

இரண்டாம் நாள், பல்கலைக்கழகத்துக்கு. நான்காம் சார்லஸ் 1348இல் நிறுவியது அது. அதன் பழைய கட்டடமான கரோலினும், சதுக்கத்திலிருந்து சில நிமிட நடைதூரத்தில் உள்ளது. வெளியே நின்று 1409ஐ நினைத்துக்கொள்ளலாம். அவ்வாண்டு அரசாணை ஒன்று பல்கலைக்கழகத்தின் வாக்குரிமையை பொஹீமியருக்குச் சாதகமாக மாற்றியது. ஜெர்மானிய ஆசிரியர்களும் மாணவர்களும் வெளியேறினார்கள். அதே ஆண்டில் லைப்சிக் பல்கலைக்கழகம் பிறந்தது. 1882இல் மொழிவழியே செக் என்றும் ஜெர்மன் என்றும் பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தது. ஐன்ஸ்டைன் 1911இல் வந்து பணியாற்றியது ஜெர்மன் பிரிவில். பயிற்றுமொழி பற்றி ஓயாமல் வாதிடும் நமக்கு இந்த வரலாறு அந்நியமானதன்று. பிற்பகலில் யூதர் பகுதியிலுள்ள பின்காஸ் தொழுகைக் கூடத்துக்குச் செல்லலாம். நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் அதன் சுவர்களில் எழுதப்பட்டுள்ளன. சனிக்கிழமைகளில் அது திறந்திருக்காது என்பதைத் திட்டமிடும்போது மறவாதீர்கள்.

மூன்றாம் நாள், மாணவர்களுக்கு. 1939 அக்டோபர் 28 அன்று ஆக்கிரமிப்புக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் யான் ஒப்லெதால் என்ற மருத்துவ மாணவர் சுடப்பட்டு, சில நாள்களில் இறந்தார். நவம்பர் 17 அன்று நாஜிகள் செக் உயர்கல்வி நிலையங்களை மூடினார்கள். ஒன்பது பேரைக் கொன்றார்கள். 1,200க்கும் மேற்பட்ட மாணவர்களைச் சாக்சென்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். உலக மாணவர் நாள் நவம்பர் 17ஆக அமைந்தது இதனால்தான். ஐம்பதாண்டு கழித்து, 1989இல் அதே நாளில், அல்பெர்தோவ் வளாகத்திலிருந்து மாணவர்கள் நினைவு ஊர்வலம் புறப்பட்டார்கள். நாரொத்னி தெருவில் காவல்துறை அவர்களை மறித்து அடித்தது. சில வாரங்களில் ஆட்சியே மாறிற்று. அந்தத் தெருவின் வளைவுநடையில் உயர்ந்த கைகளாக ஒரு சிறு நினைவுச் சின்னம் இருக்கிறது, தேடினால்தான் தென்படும். அங்கிருந்து வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல் முனைக்கு நடந்தால், 1969 ஜனவரியில் சோவியத் தலைமையிலான ஆக்கிரமிப்பைத் தொடர்ந்த பணிவைக் கண்டு தீக்குளித்த இருபது வயது மாணவர் யான் பாலாஹின் நினைவிடம். அச்செயலை வியப்பதற்காக அங்கே செல்லச் சொல்லவில்லை. ஒரு கல்லறைக்கு அரசு அஞ்சியதை அறிவதற்காகச் சொல்கிறேன்: மக்கள் கூடுவதைப் பொறாமல் 1973இல் அவருடைய உடலைத் தோண்டி எடுத்து அப்புறப்படுத்தினார்கள். அவருடைய எச்சங்கள் ஒல்ஷானி இடுகாட்டுக்கு மீண்டது 1990இல்.

தமிழ் ஆய்வாளர்களுக்கு இந்த வரலாற்றில் தனிப்பட்ட பங்கும் உண்டு. நம் அடிக்குறிப்புகளில் ஓயாமல் வரும் கமில் சுவலபில், 1927 நவம்பர் 17 அன்று பிராகில் பிறந்தவர். அந்நகரில் தமிழைக் கற்பித்தவர். 1968 ஆகஸ்டுப் படையெடுப்புக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி, சிகாகோவிலும் நெதர்லாந்தின் உட்ரெக்டிலும் பணியாற்றினார். பீரங்கி வண்டிகள் ஒரு நகரத்துக்குள் நுழைந்தால், எங்கோ தொலைவில் உள்ள ஒரு மொழியின் ஆய்வு வரைபடமும் மாறிவிடுகிறது.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் பயணத்தில் புகழ்பெற்றதையெல்லாம் பார்த்துவிட ஆசைப்படுவது தவறா என்று கேட்கலாம். தவறே இல்லை. எங்கள் குடும்பத்தில் கடல் கடந்த முதல் ஆள் நான். அந்த ஆசையின் எடை எனக்குத் தெரியும். ஆனால் மறுபடி வர வாய்ப்பில்லாதவருக்குத்தான் தேர்வு மிகவும் தேவை. ஆண்டுக்கொருமுறை வருபவர் எதையும் தவறவிடலாம். மற்றொரு வாதம், பிறர் துயரங்களை வரிசையாகப் பார்ப்பதும் ஒருவகை நுகர்வுதானே என்பது. இதில் நியாயம் உண்டு. அதனால்தான் மூன்று மாலைகளையும் வெறுமையாக விட்டுவைக்கச் சொல்வேன். வல்த்தாவா ஆற்றங்கரையில் உட்காரலாம். 22ஆம் எண் டிராமில் ஏறிச் சும்மா போய்வரலாம். பயணச்சீட்டில் நேர முத்திரை பதித்துக்கொள்ளுங்கள். இல்லையேல் அபராதம் உண்டு. செலவுக்கு யூரோவை நம்ப வேண்டாம். அங்கே நாணயம் கொருனா. பழைய நகரத்தின் நாணய மாற்றுக் கடைகளில் விகிதத்தைக் கேட்டு, கையில் எவ்வளவு வரும் என்று கணக்கிட்ட பிறகே பணத்தை நீட்டுங்கள்.

நெறியாளர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு சொல். கருத்தரங்கைத் தாண்டிய மூன்று நாளுக்கு நான் சொந்த விடுப்புக் கேட்டபோது, "ஊர் சுற்றவா?" என்ற கேள்வி வந்தது. சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். இருபது நிமிடக் கட்டுரை வாசிப்பு கல்வி என்றால், அதைச் சூழ்ந்த நகரைப் படிப்பது எப்படிக் கல்விக்கு வெளியே போகும்? பணம் தர இயலாவிட்டாலும், அந்த நாள்களைக் குற்ற உணர்வின்றிக் கழிக்க அனுமதி தரலாம். போய் வந்த மாணவர்கள் தம் விசா ஆவணங்களையும் பயண அனுபவத்தையும் இளையவர்களோடு பகிர, பருவத்துக்கொரு பிற்பகல் ஒதுக்கலாம். வீட்டில் யாரும் கடவுச்சீட்டையே பார்த்திராத மாணவருக்கு அது பெரிய உதவி.

நேற்று அந்த இளையவர் புதிய திட்டத்தோடு வந்தார். 34 இடங்கள் ஒன்பதாகக் குறைந்திருந்தன. என் கேள்வியை அவர் ஏற்கவில்லை. அவர் ஆய்வது நூலகங்களின் வரலாறு, ஆகவே ஏசு சபையினர் கட்டிய கிளெமெந்தினும் நூலகத்தைச் சுற்றியே மூன்று நாளையும் அமைத்திருக்கிறார். கடிகாரத்தை மட்டும் விட மனமில்லையாம். விட வேண்டாம், பத்து நிமிடம் முன்னதாகப் போய்த் தரையைப் பார்த்துவிட்டு நிமிருங்கள் என்றேன். அவருடைய விசா இன்னும் வரவில்லை. காத்திருக்கிறோம்.