ஆர்-22 மெஷினுக்குள் அடுப்புக் கேஸா?

 

"பழைய கேஸ் இப்ப சரியான விலை சேர். இதைப் போடுவம், நல்லாக் கூலாகும், கரண்ட் பில்லும் குறையும்." பழைய ஏசிக்குக் கேஸ் அடிக்க வந்தவர் என்னிடம் சொன்னது. என்ன கேஸ் என்று கேட்டேன். "எச்.சி" என்றார். அதாவது ஐதரோகாபன். அவர் கையில் இருந்தது புரொப்பேன். நம் குசினி சிலிண்டருக்குள் பியூட்டேனோடு கலந்திருக்கும் அதே சாமான்.

அவர் சொன்ன இரண்டும் பொய்யில்லை. மூன்றாவதைச் சொல்லவில்லை: அது தீப்பற்றும்.

நியாயமாகவும் பேச வேண்டும். இப்போது வாங்கும் பிரிஜ்களின் பின்பக்க லேபலில் ஆர்-600ஏ என்றிருக்கும். அது ஐசோபியூட்டேன். பெரும்பாலும் 100 கிராமுக்கும் குறைவாகத்தான் போடுகிறார்கள், தீப்பொறி வரும் பாகங்களைக் கேஸுக்கு எட்டாதபடி வடிவமைத்திருக்கிறார்கள். பூமிக்கும் அது நல்லது. ஆர்-22 காபனீரொட்சைட்டைவிடச் சுமார் 1,800 மடங்கு சூடாக்கும், இது மிகக் குறைவு. ஆகவே யாரும் புது பிரிஜைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

என் சண்டை ஆர்-22 மெஷினுக்குள் புரொப்பேனை அடிப்பதோடுதான். அந்த மெஷினின் சுவிட்ச், ரிலே எல்லாம் உள்ளே இருப்பது எரியாத கேஸ் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. காற்றில் 2 வீதம் சொச்சம் புரொப்பேன் கலந்தாலே ஒரு பொறி போதும். 10 அடிக்கு 10 அடி அறையை அந்த அளவுக்குக் கொண்டுவர ஒரு கிலோ காணும். அதுவும் காற்றைவிடப் பாரமானது. பாய் விரித்துப் பிள்ளைகள் படுக்கும் தரையில்தான் தேங்கும், அதனால் ஒரு கிலோவும் தேவைப்படாது.

"லீக்கானா மணக்குந்தானே?" என்பார்கள். அடுப்புக் கேஸ் மணப்பது அதற்கென்று வாசனை சேர்ப்பதால். குளிரூட்டிக்கு வரும் கேஸில் அது சேர்ப்பதில்லை. 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்புகள் வெடித்தபோது கலவை விகிதம் பற்றி எல்லோரும் நிபுணர்களானோம். ஏசிக்குள் போகும்போது மட்டும் ஏன் வாய் மூடுகிறோம்?

2008 ஏப்ரல் 5, நியூசிலாந்தின் தமஹெரே. ஒரு குளிர்க் களஞ்சியத்தில் அலாரம் அடித்ததென்று 8 தீயணைப்பு வீரர்கள் போனார்கள். லீக்கானது புரொப்பேன் கலந்த கேஸ். மணமில்லை, கேஸைக் கண்டுபிடிக்கும் கருவியுமில்லை. வெடித்தது. ஒருவர் இறந்தார், ஏழு பேர் காயம். தீயணைக்கப் போனவர்களுக்கே உள்ளே என்ன இருந்ததென்று தெரியாது.

இதை ஏன் ஒலுவிலில் பேசுகிறேன்? 2013இல் திறந்த துறைமுகம், வாயில் மண் மூடிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். மண்ணைத் தோண்டு, படகுகளை விடு, ஐஸும் கூல் ரூமும் தா என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் கூல் ரூமுக்குள் என்ன கேஸ் என்று ஒருவராவது கேட்டோமா? மீன் கடை டீப் பிரீசரில் பிடிப்பது கிலோ கணக்கு இல்லை. கூல் ரூமில் அது பல மடங்கு.

அட்டாளைச்சேனைப் பிரதேச சபைக்கு என் கோரிக்கை: குளிர் அறைக்கு அனுமதி கொடுக்கும்போது கேஸின் பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்கள். எரியும் கேஸ் என்றால் தரையோரம் கேஸ் அலாரமும், கதவில் தமிழிலும் சிங்களத்திலும் எச்சரிக்கையும் இல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

வீட்டுக்காரர்களுக்கு: லேபலில் ஆர்-22 என்றிருந்தால் எச்.சி வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கனவே அடித்தாயிற்று என்றால் மெஷினில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை பைப் ஒட்ட நெருப்புப் பிடிக்க வருகிறவன் நம் ஊர்ப் பிள்ளை.