உருளைக்கிழங்கு உண்போர்

அழகு மாளிகைகளிலும் பூஞ்சோலைகளிலுமே உறைவதென்பர் பலர். அக்கூற்றுப் பொருந்தாதென்பதற்கு வின்சென்ட் வான் கோ என்னும் ஒல்லாந்து ஓவியர் வாழ்க்கையே சான்றாகும். அவர் 1879-ஆம் ஆண்டில், பெல்ஜிய நாட்டுப் போரினாஜ் பகுதியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே நற்செய்தி போதித்தார். தம் ஆடைகளையும் அவர்களுக்கு ஈந்து, குடிசையில் வைக்கோல்மீது துயின்றார். அவரை அனுப்பிய குழுவினரோ அப்பணியில் அவரைத் தொடரவிடவில்லை. 1880-இல் அவர் ஓவியமே தம் வழியெனத் துணிந்தார்.

ஐந்தாண்டு கழித்து, நியூனன் என்னும் சிற்றூரில், ‘உருளைக்கிழங்கு உண்போர்’ என்னும் படத்தைத் தீட்டினார். மங்கிய விளக்கொளியில் ஏழை உழவர் ஐவர் ஒரு மேசையைச் சூழ்ந்திருக்கின்றனர். முகங்களில் எழிலில்லை, கைகள் கரடுமுரடானவை. கிழங்கை அகழ்ந்த கைகளே அதனை உண்ணவும் நீளுகின்றன என்பதைக் காட்டுதலே ஓவியர் கருத்து. நேர்மையாய் ஈட்டிய அவ்வுணவைக் காணுங்கால், நம் உள்ளம் தானே பணிகின்றது. போதகராய் உரைக்கவொண்ணாததை அவர் தூரிகை உரைத்தது.

மாணவ நண்பர்காள்! நம் விடுதி அடுக்களையில் கலந்துலக்கும் கைகளை மதியாதவன் சித்திரசாலை சென்று பெறும் பயன் யாது? அன்புடைய கண்ணுக்கே அழகு புலப்படும். அவ்வன்பில்லாத பக்தியும் வெற்றொலியேயாம்.