தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள்

1970-கள் வரை அமெரிக்காவில் மார்பில் கட்டியோடு மருத்துவமனைக்குப் போன பெண்ணுக்குப் பெரும்பாலும் நடந்தது இதுதான். மயக்க மருந்துக்கு முன்பே ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். கட்டியிலிருந்து சிறு துண்டை வெட்டி, உறையவைத்து, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்றுநோய் என்று தெரிந்தால் அவளை எழுப்பிச் சொல்வதில்லை. அதே மேசையில், அதே மயக்கத்தில், மார்பகத்தை எடுத்துவிடுவார்கள். கண் விழித்தவள் நெஞ்சைத் தடவிப் பார்ப்பாள். கைக்குப் பெரிய கட்டு தட்டுப்பட்டால் புற்றுநோய். தனக்கு வந்த நோய் என்னவென்று அவள் அறிந்துகொண்டது அப்படித்தான்.

போனது மார்பகம் மட்டுமல்ல. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டட் என்ற அறுவை மருத்துவர் வகுத்த முறையில், அடியிலுள்ள நெஞ்சுத் தசையும் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளும் சேர்ந்தே எடுக்கப்பட்டன. 1894-இல் அவர் 50 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். வெட்டிய இடத்திலேயே நோய் திரும்பியது 3 பேருக்குத்தான், 6 சதவீதம். ஐரோப்பாவின் பேர்பெற்ற அறுவை மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்கும் மேலானோருக்கு அப்போது நோய் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த 6 சதவீதம் மருத்துவ உலகை ஏறக்குறைய 80 ஆண்டுகள் கட்டிப்போட்டது.

ஹால்ஸ்டட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் வந்த பலருக்குக் கட்டி முற்றியிருந்தது. வெட்டிய இடத்தில் அது மறுபடி வளர்ந்தால் தோல் உடைந்து, புண்ணாகி, நாற்றமெடுக்கும். அதைத் தடுத்தது பெரிய காரியம். பின்னால் வந்தவர்கள் அந்த ஒரு கணக்கோடு நின்றதுதான் தவறு. நெஞ்சு குழிந்துபோவதும், கை வீங்கிக் கனப்பதும், தோளை உயர்த்த முடியாததும் அந்தக் கணக்கில் ஏறவில்லை. இவ்வளவும் இழந்தவள் கூடுதல் காலம் வாழ்ந்தாளா என்பதைக்கூட நெடுங்காலம் யாரும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் ஜெஃப்ரி கெய்ன்ஸ், பொருளியல் அறிஞர் கெய்ன்ஸின் தம்பி, 1920-களிலேயே ரேடியத்தை வைத்துச் சிகிச்சை தந்து, மார்பகத்தை விட்டுவைக்கலாம் என்று காட்டினார். அமெரிக்க அறுவை மருத்துவர்களில் பெரும்பாலோர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேள்வியைத் தீர்த்துவைத்த ஒப்பீடுகள் 1970-களில்தான் வந்தன. பிட்ஸ்பர்க்கில் அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் 1971-இல் தொடங்கினார். மிலானில் உம்பர்ட்டோ வெரோனேசி 1973-இல். மிலான் ஆய்வில் சிறு கட்டியோடு வந்த 701 பெண்கள். ஒரு பாதிக்கு ஹால்ஸ்டட் அறுவை. மறுபாதிக்கு மார்பகத்தில் கட்டியுள்ள பகுதியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு. 20 ஆண்டு முடிவு 2002-இல் வெளியானது. முழுதாக எடுத்தவர்களில் 8 பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. மார்பகத்தைக் காப்பாற்றியவர்களில் 30 பேருக்கு. ஹால்ஸ்டட்டின் கணக்குப்படி அவர் முறைக்கே வெற்றி. ஆனால் இரு பிரிவிலும் பெண்கள் உயிர்வாழ்ந்த காலத்தில் வேறுபாடு இல்லை. ஃபிஷரின் ஆய்வுகளும் இதையே சொல்லின. இந்த 8-ஐயும் 30-ஐயும் நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. எண்கள் பொய் சொல்லவில்லை. எதை எண்ணுவது என்று முடிவுசெய்தவர்கள் கத்தி பிடித்தவர்களாகவே இருந்தார்கள்.

அந்த முடிவில் நோயாளிக்கும் இடம் வேண்டும் என்று கேட்டவர் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர். 1974-இல் தன் மார்பில் கட்டியைக் கண்டவர், “முதலில் பரிசோதனை மட்டும் செய்யுங்கள், மற்றதை நான் விழித்த பிறகு பேசுவோம்” என்ற எளிய நிபந்தனைக்கு இணங்கும் அறுவை மருத்துவரைத் தேடி அலைய வேண்டியிருந்தது. மறு ஆண்டே அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். 1979-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய குழுவில், மருத்துவர் அல்லாத அவரும் உட்கார்ந்தார். பரிசோதனையும் அறுவையும் தனித்தனியே நடக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது.

1996-இல் ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஒன்று மார்பகப் புற்றுநோயாளிகளுக்கென 23 கேள்விகள் கொண்ட படிவத்தை வெளியிட்டது. கை வீங்கியிருக்கிறதா, கையை உயர்த்தச் சிரமமா, உடலைப் பார்க்க மனம் வருகிறதா என்றெல்லாம் அது கேட்கிறது. ஹால்ஸ்டட்டின் கட்டுரைக்கும் இந்தக் கேள்விகளுக்கும் இடையே 102 ஆண்டுகள்.

மார்பகத்தைக் காப்பதே எல்லோருக்கும் மேலானது என்று இதற்குப் பொருளாகாது. அதைத் தேர்ந்தால் பெரும்பாலும் வாரக்கணக்கில் கதிர்வீச்சுக்கு வந்துபோக வேண்டும். கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற, நாள் கூலியை இழக்கிற ஒரு பெண், “எடுத்துவிடுங்கள் டாக்டர், ஒரே தடவையில் முடியட்டும்” என்று சொல்லலாம். எல்லாம் தெரிந்து அவள் அப்படிச் சொன்னால் அதுவே அவளுக்குச் சரியான சிகிச்சை. அலைச்சலை மிச்சப்படுத்த அவளுக்காக வேறு யாரோ முடிவெடுத்தால், அது பழைய மேசைதான், பழைய மயக்கம்தான்.

அறுவை முடிந்து மாதங்கள் கழித்துச் சோதனைக்கு வரும் பெண்களிடம் நம் மருத்துவமனைகளில் ஸ்கேன் எங்கே, ரத்தப் பரிசோதனை எங்கே என்று கேட்கிறோம். வளையல் ஏறுகிறதா, ரவிக்கைக் கை இறுக்குகிறதா, தலைக்கு மேல் கையைத் தூக்கிப் பின்னல் போட முடிகிறதா, கொடியில் துணி போட முடிகிறதா என்று கேட்பதில்லை. நோய் திரும்பவில்லை என்ற மகிழ்ச்சியில் வீட்டாரும் கேட்பதில்லை. சொன்னால் நன்றிகெட்டவளாகத் தோன்றுமோ என்று அவளும் சொல்வதில்லை. அன்புள்ள மருத்துவர்களே, அடுத்த முறை இவற்றைக் கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை, அவள் சொன்ன வார்த்தையிலேயே, கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.