அந்தக் காடியைப் பிரித்தது யார் கை?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு கோல குபு பாருவில் தே தாரேக் குடிக்க உட்கார்ந்தால் ஓர் ஊர்வலத்தைப் பார்க்கலாம். டொயோட்டா ஏஇ86, புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ, புத்ரா, எப்போதாவது பளபளவென்று ஒரு பழைய டட்சன். அணைக்கட்டைத் தாண்டி, கேப் வழியாக பிரேசர் மலைக்கு ஏறப்போகிறவர்கள். ஏறுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பேச்சு. நான் கெர்லிங்காரன், பக்கத்து ஊர்தான். பல வாரம் அடுத்த மேசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், சில வாரம் அவர்கள் மேசையிலேயே. பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "அந்தக் காலத்துல பொனட்டைத் திறந்தா எல்லாத்தையும் நாமே செஞ்சோம். இப்ப உள்ள பையனுங்களுக்கு பிளக் கழட்டக்கூடத் தெரியாது."

இதில் வருகிற 'நாமே'தான் எனக்குப் பிரச்சினை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காடிகள் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. 1998-இல் வந்த சத்ரியா ஜிடிஐ இன்றைக்கும் என் கண்ணை இழுக்கும். மிட்சுபிஷியின் 1.8 லிட்டர் 4ஜி93 இன்ஜின், பதினாறு வால்வு, இரட்டை கேம், லோட்டஸ்காரர்கள் சரிசெய்து கொடுத்த சஸ்பென்ஷன். இத்தனையும் நம்ம ஊரில் செய்து விற்ற காடி. 2002-இல் கரம்ஜித் சிங் புரோட்டோனை ஓட்டி உலக ராலி போட்டியின் உற்பத்திக் கார் பிரிவில் சாம்பியன் ஆனபோது எனக்கு விவரம் தெரியாத வயது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது நெஞ்சு நிமிர்ந்தது. நானும் ஒரு பழைய சாகா வைத்திருக்கிறேன், ஆயிரத்து எண்ணூறு வெள்ளிக்கு வாங்கியது. அதனால் இது வெளியில் நின்று கல்லெறிகிறவன் பேச்சு இல்லை.

ஆனால் அந்த மேசையில் கதைகளைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஒருவர் தன் கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவிப் பூட்டிய கதையை இருபது நிமிடம் சொன்னார். எந்த ஜெட்டில் அடைப்பு, எந்த ஊசி தேய்ந்திருந்தது என்று எல்லா விவரமும் வந்தது. பதினெட்டாவது நிமிடத்தில் "அப்புறம் நம்ம போமன்கிட்ட குடுத்தேன், அவன்தான் பாத்தான்" என்றார். நாமே என்றால் இதுதான். இவர் பக்கத்தில் நின்று டார்ச் அடித்திருக்கிறார். அதில் தப்பில்லை. நானும் டார்ச் அடித்தவன்தான். ஆனால் டார்ச் அடித்தவருக்குக் கதையில் பெயர் இருக்கிறது, படுத்துக் கிடந்தவன் வெறும் 'அவன்'.

என் பெரியப்பா அந்த 'அவன்'களில் ஒருவர். கெர்லிங் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் பட்டறையில் பதினைந்து வயதில் சேர்ந்தவர். தோட்டத்தில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'பிட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கையில் இருந்தவை ஸ்போர்ட்ஸ் காடிகள் இல்லை. மாஸி பெர்குசன் டிராக்டர், துரையின் லேண்ட் ரோவர், பால் ஏற்றும் லாரி, அப்புறம் செம்பனைக் குலை ஏற்றும் டிரெய்லர். டிராக்டரில் டீசல் தீர்ந்து நின்றுபோனால் மறுபடி டீசல் ஊற்றினால் மட்டும் போதாது. குழாயில் காற்று புகுந்திருக்கும். பம்பில் திருகைத் தளர்த்தி, கையால் அடித்து, குமிழி நின்று சுத்தமாக டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். இதை அவர் செம்பனை மரங்களுக்கு நடுவில், மழையில், குலை அழுகிப்போவதற்குள் செய்வார். அந்த மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் இன்ஜினுக்கு டேப்பட் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர். அதை அளக்கிற தகடு பட்டறையில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் கிராணி அலமாரியில். பெரியப்பா சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து வைத்து அளந்தார். நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது மைக்ரோமீட்டர் கொண்டுபோய் அந்த அட்டையை அளந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

இதைச் சொன்னால் மேசையில் இருக்கிறவர்கள் உருகிவிடுவார்கள். "பாத்தீங்களா, அதான் அந்தக் காலம்" என்பார்கள். நான் அதற்காகச் சொல்லவில்லை. அளக்கிற தகடு ஏன் அலமாரியில் பூட்டிக் கிடந்தது என்பதுதான் என் கேள்வி. தானே செய்துகொள்வது உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆசை. அவருக்கு வேறு வழி இல்லை. ஸ்டாண்டு இல்லாமல் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போனார். டீசலை வாயால் உறிஞ்சி எடுத்தார். பிரேக் டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்தார். அந்தக் காலத்து பிரேக் ஷூவில் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ், பறந்தது அந்தத் தூசிதான். இந்தப் பக்கம் யாருடைய இனிய நினைவிலும் வருவதில்லை.

பேர் வைக்கிற விஷயத்துக்கு வருவோம். வேலை ஒன்றே, செய்கிற ஆளைப் பார்த்துத்தான் பேர் மாறுகிறது. கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டினார் என்ற கதையை நம் ஆட்கள் மேடைக்கு மேடை சொல்கிறோம். மேதை என்கிறோம், மேதைதான். அதையே தோட்டத்துப் பட்டறையில் ஆயுள் முழுக்கச் செய்தவனை என்ன சொல்கிறோம்? "படிக்கல, ஸ்பேனர் பிடிச்சிட்டான்." என் வீட்டிலேயே எனக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை, "படிக்கலன்னா பெரியப்பா மாதிரி கிரீஸ்ல கெடப்ப" என்பதுதான். சொன்னது என் அப்பா. பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் அப்படித்தான். ஜப்பானில் கழித்துக்கட்டிய காடியை நடுவில் அறுத்து முன்பாதியை இன்ஜினோடு கப்பலில் கொண்டுவந்து விற்கிறார்கள், ஹாஃப்கட் என்று. அதை வாங்கி ஏஇ86-இல் ஏற்றினால் நீங்கள் ரசிகர், சேகரிப்பாளர். புக்கிட் பெருந்தோங்கில் அடுக்குமாடிக்குக் கீழே ஓர் இந்தியப் பையன் பழைய வீராவில் 4ஜி93 ஏற்றினால் அவன் ரவுடி. போலீஸ் தடுப்பில் முதலில் நிறுத்தப்படுவது அவன்தான். இன்ஜின் மாற்றினால் ஜேபிஜே அனுமதி வேண்டும், பரிசோதனை வேண்டும், அது சட்டம். அந்தப் பையன் அதை மீறினால் அவனுக்காக நான் வாதாடப்போவதில்லை. ஆனால் 'இப்ப உள்ள பையனுங்களுக்கு ஒண்ணும் தெரியாது' என்று மட்டும் சொல்லாதீர்கள். வயரிங் முழுவதையும் பிரித்து, வேறோர் இன்ஜினின் கம்ப்யூட்டரோடு சேர்த்து ஓட வைத்திருக்கிறான். உங்கள் மேசையில் எத்தனை பேரால் முடியும்?

தெரியாத பையன்களும் இருக்கிறார்கள்தான். ஏன் தெரியவில்லை? புதுக் காடியில் ஒரு விளக்கு எரிந்தால் அதை அணைக்கிற மென்பொருள் கம்பெனியிடம் இருக்கிறது. சாவியைப் பிரதி எடுக்கக்கூட அவர்களுடைய கருவி வேண்டும். கார் வாங்கியவனே அதைத் திறக்க முடியாதபடி செய்துவிட்டு, தலைமுறை சோம்பேறியாகிவிட்டது என்கிறோம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் மக்கள் வாக்களித்து, பழுதுபார்க்கிற விவரங்களை வெளிப் பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். கோல குபு பாரு மேசையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. கார்பரேட்டரின் வாசனையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

தோட்டம் கைமாறியபோது பெரியப்பாவுக்கு நாற்பது வயது. பட்டறையை மூடினார்கள். நகரத்தில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனார். சான்றிதழ் கேட்டார்கள். இருபத்தைந்து வருஷம் வேலை செய்தேன் என்றார். சான்றிதழ் கேட்டார்கள். இப்போது ஒரு தாமான் வாசலில் ஜாகா வேலை. உள்ளே போகிற காடியின் சத்தத்தை வைத்தே எது டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய காடி என்று சொல்வார். யாரும் கேட்பதில்லை.

எனக்குப் பட்டம் இருக்கிறது. சட்டப்படி பார்த்தால் நானே பொறியாளர் வாரியத்தில் பதிந்தால்தான் என்னைப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்ளலாம், 1967-ஆம் ஆண்டுச் சட்டம். பேரைக் காக்க இந்த நாட்டில் அவ்வளவு அக்கறை. பெரியப்பா மாதிரி ஆட்களுக்கும் ஒரு வழி இல்லாமல் இல்லை. திறன் மேம்பாட்டுத் துறையில் பிபிடி என்றொரு முறை இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்து மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்கேஎம், வாங்கலாம். நம் சங்கங்களும் கோயில்களும் நடத்துகிற கல்விக் கருத்தரங்குகளில் எஸ்பிஎம்மில் எத்தனை ஏ என்று பேசுவார்கள். இதைப் பேசி நான் கேட்டதில்லை. எத்தனை பிட்டர்களுக்கு இது தெரியாமலே வயதாகிப்போனது?

பெரியப்பாவுக்காக அந்தத் தொகுப்பைத் தயாரிக்கத் தொடங்கினேன். வேலை செய்ததற்கு ஆதாரம் வேண்டும். தோட்ட அலுவலகமே இப்போது இல்லை. புது முதலாளியிடம் பழைய பதிவேடு இல்லை. பட்டறையில் எடுத்த புகைப்படம் ஒன்றுகூட இல்லை. அதனால் புதிதாக ஆதாரம் உண்டாக்குகிறோம். வாரம் ஒருநாள் என் சாகாவை அவர் பிரிக்கிறார், நான் ஒவ்வொரு படியையும் படம் எடுத்து, என்ன செய்தார், ஏன் செய்தார் என்று எழுதுகிறேன். போன வாரம் கார்பரேட்டர். மூன்றாவது படத்திலேயே பொறுமை இழந்துவிட்டார்.

"போட்டோ போதும்டா, அந்தப் பன்னெண்டு ஸ்பேனர எடு."