கேரள எல்லைத் தமிழ்ப் பள்ளிகள்: பெற்றோர் சங்கம் யார் பக்கம்?

புது தில்லி: கேரள சட்டப்பேரவை 2025 அக்டோபரில் நிறைவேற்றிய மலையாள மொழி மசோதா, அடுத்த சில மாதங்களில் இரு மாநில அரசுகளுக்கு இடையிலான சர்ச்சையாக உருவெடுத்தது. காசர்கோட்டின் கன்னடப் பள்ளிகளுக்கு ஆபத்து என்றது கர்நாடகம். மொழிச் சிறுபான்மையினருக்கு மசோதாவிலேயே தனிப் பாதுகாப்பு உண்டு என்றது கேரளம். இந்த வாதத்தில் பெரிதும் பேசப்பட்டது காசர்கோடு மட்டுமே. ஆனால் அதே மசோதாவின் வரம்பில் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் இயங்கும் தமிழ்ப் பள்ளிகளும் தமிழ்ப் பிரிவுகளும் வருகின்றன.

அரசுகள் மோதிக்கொள்ளும்போது, பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்? பெற்றோர்-ஆசிரியர் சங்கம் ஒரு பக்கம் சேர்ந்து தீர்மானம் போடலாமா, அல்லது கட்டடம், குடிநீர், மதிய உணவு என்ற அளவோடு நின்றுகொள்ள வேண்டுமா? சங்கத்தின் அதிகாரம் பற்றிய கேள்வியாக இது தோன்றலாம். ஆனால் எல்லைப் பகுதியில் ஒரு தமிழ் வகுப்பு நீடிப்பதும் மூடப்படுவதும் இதன் விடையைப் பொறுத்தே அமையக்கூடும்.

1956 விட்டுச் சென்ற கேள்வி

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, முதலமடை போன்ற ஊர்களிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழர்கள் கணிசமாக வாழ்கின்றனர். தேவிகுளம், பீர்மேடு பகுதிகளைத் தமிழகத்துடன் இணைக்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-ல் அதை ஏற்கவில்லை. 1956-ல் எல்லை வகுக்கப்பட்டபோது நிலமும் தேயிலைத் தோட்டங்களும் கேரளத்துடன் நின்றன. அங்கிருந்த தமிழர்கள் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் ஏறத்தாழ 6 லட்சம். 2011-ல் அது சுமார் 5.02 லட்சமாகக் குறைந்தது. பள்ளிகளில் நடக்கும் ஒவ்வொரு சர்ச்சைக்கும் இந்தச் சரிவே பின்னணி.

சட்டம் தரும் பாதுகாப்பு எவ்வளவு?

சிறுபான்மையினர் தாங்களே நிறுவி நடத்தும் கல்வி நிலையங்களுக்கு அரசியல் சாசனத்தின் 30-வது பிரிவு வலுவான அரணாக உள்ளது. ஆனால் எல்லைப் பகுதியில் அரசே நடத்தும் பள்ளியின் தமிழ்ப் பிரிவுக்கு அந்த அரண் இல்லை. அதற்குள்ள ஆதாரம், 1956-ல் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயற்சி செய்ய வேண்டும் என்கிறது அது. அதற்கான உத்தரவுகளைக் குடியரசுத் தலைவர் பிறப்பிக்கலாம். மொழிச் சிறுபான்மையினருக்கான சிறப்பு அதிகாரி தரும் அறிக்கைகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படுகின்றன. அவற்றின் மீது விவாதம் நடப்பதுதான் அரிது.

நடைமுறையில் எடைபோடப்படுவது எண்ணிக்கைதான். ஒரு பள்ளியில் 40 மாணவர்கள், அல்லது ஒரு வகுப்பில் 10 மாணவர்கள் இருந்தால் தாய்மொழி ஆசிரியரை நியமிக்க வேண்டும் என 1949-ல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு முடிவு செய்தது. 1956-ல் மத்திய அரசு வெளியிட்ட பாதுகாப்பு ஏற்பாடுகளிலும் அந்த வரையறையே இடம்பெற்றது. கேரளத்தில் கல்வியாண்டின் ஆறாவது வேலைநாளில் எடுக்கப்படும் மாணவர் கணக்கை வைத்தே வகுப்புப் பிரிவுகளும் ஆசிரியர் பணியிடங்களும் முடிவாகின்றன. அன்றைய பட்டியலில் சில பெயர்கள் குறைந்தால் ஒரு பிரிவே போய்விடலாம். போனதை மீண்டும் பெறுவது எளிதல்ல.

ஆகவே, சட்டம் தருவது முயற்சி பற்றிய உறுதிமொழியும் எண்ணிக்கை பற்றிய நிபந்தனையும்தான். இரண்டையும் நினைவூட்டிக் கேட்க உள்ளூரில் ஓர் அமைப்பு வேண்டும். அந்த இடத்தில் இருப்பது பெற்றோர் சங்கம் மட்டுமே.

ஒதுங்கி நிற்பதற்கான காரணங்கள்

சங்கம் பக்கம் சேரக் கூடாது என்போரின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதல்ல. முதலாவதாக, இது தமிழ்ப் பெற்றோர் மட்டுமே கொண்ட சங்கம் அல்ல. ஒரே வளாகத்தில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என வெவ்வேறு பிரிவுகள் இயங்கும் பள்ளிகள் உண்டு. எல்லோருக்கும் சேர்த்து ஒரே சங்கம். மொழிச் சட்டத்தின் மீது அது ஆதரவாகவோ எதிராகவோ தீர்மானம் போட்டால், அந்த நாளிலேயே பெற்றோர் இரண்டாகப் பிரிவர்.

இரண்டாவதாக, சங்கத்தில் ஆசிரியர்களும் உறுப்பினர்கள். அவர்களில் பலர் கட்சி சார்புள்ள ஆசிரியர் சங்கங்களில் இருப்பவர்கள். அரசுப் பணியாளர் என்ற முறையில் அரசின் கொள்கையை வெளிப்படையாக எதிர்க்கவும் அவர்களால் இயலாது. அரசுக்கு எதிரான தீர்மானத்தில் தலைமையாசிரியர் கையெழுத்திட்டால் நடவடிக்கைக்கு ஆளாகலாம். மறுத்தால் பெற்றோரின் நம்பிக்கையை இழக்கலாம்.

மூன்றாவது, கேரளத்தின் சொந்த அனுபவம். 1957-ல் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதாவை, குடியரசுத் தலைவர் கேட்டுக்கொண்டதன் பேரில் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்து 1958-ல் கருத்துரை வழங்கியது. சில திருத்தங்களோடு தீர்ந்திருக்கக்கூடிய அந்தப் பிரச்னை, பள்ளி நிர்வாகங்களும் மத, சமுதாய அமைப்புகளும் எதிர்க்கட்சிகளும் கைகோத்த 'விமோசன சமரம்' ஆயிற்று. 1959 ஜூனில் பள்ளிகளைத் திறக்க விடாமல் மறியல் நடந்தது. ஜூலை 31-ல் இ.எம்.எஸ். அரசு கலைக்கப்பட்டது. ஒரு கல்விச் சட்டத்தின் நல்லது கெட்டது, ஆட்சி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்குள் மூழ்கிப்போனது.

நான்காவது காரணம்தான் எல்லாவற்றிலும் கனமானது. தொடக்கப் பள்ளியில் தாய்மொழி வழியை அரசு கட்டாயப்படுத்த முடியாது எனவும், குழந்தையின் தாய்மொழி எது எனத் தீர்மானிக்க வேண்டியது பெற்றோரோ காப்பாளரோதான் எனவும் 2014 மே மாதம் கர்நாடக அரசு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அந்த உரிமை தனித்தனிப் பெற்றோருக்கு உரியது, சங்கத்துக்கு உரியதல்ல. பிள்ளை கேரளத்தில் அரசு வேலைக்குப் போக வேண்டும் எனக் கருதும் தோட்டத் தொழிலாளி மலையாள வழியையோ ஆங்கில வழியையோ நாடினால், அவரைக் குற்றம் சொல்லச் சங்கத்துக்கு என்ன தகுதி?

மௌனமும் ஒரு பக்கமே

ஆயினும் இந்தக் காரணங்களைக் காட்டி எதிலுமே வாய் திறக்காத சங்கம் நடுநிலை வகிப்பதாகச் சொல்ல முடியாது. தமிழ் தெரியாத ஆசிரியர் தமிழ் வகுப்புக்கு அனுப்பப்பட்டால், பாடநூல் காலத்தில் வராவிட்டால், தமிழாசிரியர் பணியிடம் நிரப்பப்படாமல் நீடித்தால், பெற்றோரின் தேர்வு தானாகவே மாறிவிடுகிறது. அடுத்த ஜூனில் அந்த வகுப்பில் பெயர்கள் குறையும். பிறகு எண்ணிக்கை இல்லை என்று காரணம் காட்டி வகுப்பு மூடப்படும். இதைப் பெற்றோர் விரும்பி எடுத்த முடிவு என எப்படிக் கூறுவது?

காசர்கோட்டில் கன்னடம் அறியாத ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டதற்கு எதிராகப் பெற்றோர் நடத்திய போராட்டங்கள் கவனம் பெற்றதற்கு இதுவே காரணம். அவர்கள் கேட்டது, வகுப்பில் பிள்ளைக்குப் புரியும் மொழியில் பேசும் ஆசிரியரை. அந்த மாவட்டத்தின் கன்னடப் பள்ளி ஒன்றை மையமாக்கி 2018-ல் வெளிவந்த கன்னடத் திரைப்படம் தேசிய விருதும் பெற்றது. தமிழ்ப் பள்ளிகளின் பிரச்னை அந்த அளவுக்கு வெளியே தெரிந்ததில்லை.

கல்வி உரிமைச் சட்டமும் இதையே வழிமொழிகிறது. 2009-ல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் 21-வது பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளர்களாக இருக்க வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், நிதி செலவாவதைக் கவனிப்பதும் அதன் பணி. ஆனால் 2012-ல் வந்த திருத்தம், அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் சிறுபான்மைப் பள்ளிகளிலும் இக்குழுவை ஆலோசனை கூறும் அமைப்பாகச் சுருக்கிவிட்டது. உதவிபெறும் பள்ளிகள் மிகுந்த கேரளத்தில் இதன் விளைவு சிறிதல்ல. மேலும் இச்சட்டத்தின் வரம்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. மொழிச் சர்ச்சை கூர்மையடையும் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பெற்றோர்-ஆசிரியர் சங்கம்தான் மிச்சம்.

மூணாறு காட்டிய வழி

சங்கம் எதுவரை போகலாம் என்பதற்கு மூணாறிலேயே ஓர் அனுபவம் உண்டு. 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துப் போராடினர். கேட்டது 20 சதவீத போனஸும் கூலி உயர்வும். ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில், கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. கோரிக்கை குறுகலாக இருந்ததால், எந்தக் கட்சியைச் சேர்ந்த குடும்பமும் அதில் நிற்க முடிந்தது. பின்னர் அந்த அமைப்பு உள்ளாட்சித் தேர்தலில் இறங்கிச் சில இடங்களையும் வென்றது. ஆனால் பிளவுபட்டு, பழைய வலுவை இழந்தது.

பள்ளிச் சங்கங்களுக்கும் எல்லைக்கோடு இங்கேயே இருக்கிறது. மலையாள மொழிச் சட்டம் சரியா, மும்மொழிக் கொள்கை சரியா, எந்தக் கட்சியின் நிலைப்பாடு நேர்மையானது என்பன குடிமக்களாகப் பெற்றோர் கட்சிகளிலும் தேர்தலிலும் தீர்த்துக்கொள்ள வேண்டியவை. அவற்றில் சங்கத்தின் முத்திரை விழக் கூடாது. தமிழ் வகுப்புக்குத் தமிழறிந்த ஆசிரியர், ஜூனிலேயே பாடநூல், ஆறாவது வேலைநாளுக்கு முன் விடுபடாத சேர்க்கைப் பட்டியல் ஆகியவற்றில் சங்கம் பக்கம் சேர்ந்தே ஆக வேண்டும். இவற்றைக் கேட்க மலையாளப் பெற்றோருக்கும் தடையில்லை. பக்கத்து வகுப்புப் பிள்ளைக்கு ஆசிரியர் வருவதால் அவருடைய பிள்ளைக்கு நட்டம் ஏதும் இல்லை.

மொழியைத் தேர்ந்தெடுப்பது வீட்டின் உரிமை. அப்படித் தேர்ந்தெடுக்க ஒரு வகுப்பு அங்கே இருப்பதை உறுதி செய்வது அரசின் கடமை. அந்தக் கடமையை ஆண்டுதோறும் ஜூன் முதல் வாரத்திலேயே எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கும் பொறுப்பு, பெற்றோர் சங்கத்தைத் தவிர வேறு யாரிடமும் இல்லை.