சுமைகூலி முக்கால் பணம்



'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது சந்தைக்குப் போகிறவர்களுக்குச் சொன்ன பழமொழி என்றுதான் இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். இன்று அது நம் வீட்டுக் கூடத்திலேயே நடக்கிறது. நான் விசாரித்த வரையில், நாக்பூரில் நம் சங்கக் குடும்பங்களில் 14 வீடுகளில் இணையம் வழியாகப் பொருள் விற்கிறார்கள். ஒரு வீட்டில் பருப்புப் பொடி, இன்னொரு வீட்டில் சுங்குடிச் சேலை, மற்றொரு வீட்டில் கொலு பொம்மை. என் மருமகள் ஊரிலிருந்து கல்சட்டி வரவழைத்து, கஞ்சி ஊற்றிப் பழக்கி விற்கிறாள்.

இவர்கள் எல்லோருமே சரக்கு வாங்கும்போது ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்கள். ஆனால் அட்டைப்பெட்டி, டேப், கூரியர் என்று வந்துவிட்டால், 'ஆகிறது ஆகட்டும்' என்று விட்டுவிடுகிறார்கள். மாதக் கடைசியில் கையில் ஏன் ஒன்றும் நிற்கவில்லை என்று யோசிக்கிறார்கள்.

நான் ரயில்வேயில் வேகன் பராமரிப்புப் பிரிவில் 39 ஆண்டுகள் வேலை பார்த்து 2022-இல் ஓய்வு பெற்றவன். சரக்கு எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது, நடுவில் எப்படி உருளுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவன். 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 98-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. சரியாகக் கட்டப்படாத சரக்கு சேதமானால், ரயில்வேயின் கவனக்குறைவை நிரூபித்தாலொழிய, ரயில்வே பொறுப்பேற்காது என்பது அதன் சாரம். கட்டி அனுப்புவது அனுப்புகிறவன் பொறுப்பு. இதை வேலையில் இருந்தபோது எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொன்ன நானே, வீட்டில் கோட்டை விட்டேன்.

சென்ற மழைக்காலத்தில் புனேயிலிருந்து மூன்று கல்சட்டிகளுக்கு ஆர்டர் வந்தது. புதுப் பெட்டி ஒன்றுக்கு 38 ரூபாய் கொடுப்பதா என்று, மளிகைக் கடை வாசலில் கிடந்த பழைய பெட்டிகள் மூன்றை நானே வாங்கி வந்தேன். மொத்தம் 114 ரூபாய் மிச்சம் என்று பெருமை வேறு. பெட்டிகள் ஈரக்காற்றில் ஊறி, மூலைகள் தளர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டு சட்டிகள் உடைந்து போய்ச் சேர்ந்தன. சட்டி ஒன்று 1,400 ரூபாய். பணத்தைத் திருப்பிக் கொடுத்ததில் 2,800 ரூபாய் போயிற்று. கூரியர்க்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருமகளும் கோபிக்கவில்லை. "மாமா, இனிமே பெட்டிக்குப் பார்க்காதீங்க, சட்டிக்குப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது.

சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே சிக்கனம் என்பதுதான் கேள்வி. பெட்டியின் தரத்தில் கைவைப்பது முதலுக்கே மோசம். பெட்டியின் அளவில் கைவைப்பதுதான் லாபம்.

ஒரு சின்னக் கணக்கு. கூரியர் நிறுவனங்கள் நிஜ எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000 ஆல் வகுத்து, ஒரு எடையைக் கண்டுபிடிக்கின்றன. நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். (சில நிறுவனங்கள் 5,000-க்குப் பதில் இன்னும் சிறிய எண்ணால் வகுப்பதுண்டு, கேட்டுக்கொள்வது நல்லது.) 18 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள கல்சட்டி, கட்டிய பிறகு 2.3 கிலோ. அதை 30 செ.மீ. சதுரப் பெட்டியில் வைத்தால், 27,000-ஐ 5,000 ஆல் வகுக்க, 5.4 கிலோ. அதையே 25-க்கு 25-க்கு 20 பெட்டியில் வைத்தால் 2.5 கிலோ. ஏறக்குறைய மூன்று கிலோ வெறும் காற்றுக்கு நாம் கூலி கொடுத்துக்கொண்டிருந்தோம்! வேகனின் சொந்த எடையைக் குறைத்துச் சரக்கை அதிகம் ஏற்ற ரயில்வே படும் பாட்டைப் பார்த்த எனக்கு, இது வெட்கமாக இருந்தது.

பெட்டியைத் தேர்ந்தெடுக்கவும் சில வழிகள் உண்டு. சேலை, துணிக்குப் பெட்டியே வேண்டாம். நல்ல கூரியர் பை போதும். பொடி வகைக்கு 3 பிளை பெட்டி தாங்கும். கல்சட்டி, பொம்மை, வெண்கல விளக்குக்கு 5 பிளைதான். அட்டையின் உள்ளே இருக்கும் நெளிகள் நெட்டுக்குத்தாக நிற்கும்படி பெட்டியை வைத்தால்தான் மேலே சுமை தாங்கும். பழைய பெட்டியைப் பயன்படுத்தலாம். ஆனால் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அது குப்பைக்கு. பொருளைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்று விரல் கனத்துக்குக் கசக்கிய செய்தித்தாளை இறுக்கி அடைத்து, பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே அசைந்தால் அனுப்பாதீர்கள். டேப் உருளையை விலை பார்த்து வாங்காமல், எத்தனை மீட்டர் என்று பார்த்து வாங்குங்கள். மலிவு உருளையில் பெரும்பாலும் நீளம்தான் குறைவு.

இன்னொரு செய்தி. அட்டைப்பெட்டிக்கு இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு வியாபாரிகளுக்கு இந்த வரி திரும்பக் கிடைக்காது, முழுக்கக் கைக்காசு. ஆகவே பில் கேட்டு வாங்கி, என்ன வரி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இவையெல்லாம் அவரவர் வீட்டில் செய்யக்கூடியவை. சேர்ந்து செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 14 வீட்டாரும் தனித்தனியாக 25 பெட்டி, 30 பெட்டி என்று சில்லறைக்கு வாங்குகிறோம். இத்வாரியில் மொத்தக் கடை ஒன்றில் விசாரித்தேன். 38 ரூபாய்க்கு நாங்கள் வாங்கும் அதே 5 பிளை பெட்டி, 500 சேர்ந்து எடுத்தால் 24 ரூபாய். ஒரு தடவையிலேயே 7,000 ரூபாய் மிச்சம். 500 பெட்டியை ஒரு வீட்டுக்காரர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? சங்க நூலகத்துக்குப் பின்னால் உள்ள அறையில், பொங்கல் விழாப் பந்தல் சாமான் போக, பாதி இடம் காலியாகத்தான் கிடக்கிறது. மழைத் தண்ணீர் படாமல் தரையில் பலகை போட்டால் போதும்.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். மாதத்தின் முதல் ஞாயிறன்று எல்லோரிடமும் தேவையைக் கேட்டு, பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஒரே ஆர்டராகப் போடலாம். மூன்றே அளவுகள். கடன் கிடையாது. சங்கப் பணம் ஒரு ரூபாய்கூட முடங்காது. கணக்கு எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதே அறையில் ஒரு மூலையில், உறுப்பினர்கள் தங்கள் வீட்டுக்கு வரும் நல்ல பெட்டிகளை மடித்துக் கொண்டுவந்து வைக்கலாம்.

"பொங்கலும் நவராத்திரியும் கொண்டாடத்தான் சங்கம், கடை நடத்தவா?" என்று மூத்த உறுப்பினர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நாங்கள் இங்கே வந்த நாளில், வாடகை வீடு பிடித்துக் கொடுத்ததும், ஊரிலிருந்து வருகிறவர் மூலம் புளியும் அப்பளமும் தருவித்துப் பங்கிட்டதும் இதே சங்கத்து மனிதர்கள்தானே? அன்று அது உதவி என்றால், இன்று இதுவும் உதவிதான். இந்த வியாபாரம் செய்கிற பெண்களில் பலருக்கு இது பொழுதுபோக்கு இல்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம்.

அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேச எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் அவசியம் வாருங்கள். வரும்போது வீட்டில் கிடக்கும் நல்ல அட்டைப்பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள். மூலையை அழுத்திப் பார்த்துவிட்டு!