கரும்புச் சர்க்கரையும் கண்துடைப்பும்

2025 ஜூலை 16 அன்று அமெரிக்க ஜனாதிபதி டொனால்டு டிரம்ப் சமூக ஊடகத்தில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். அமெரிக்காவில் விற்கப்படும் கோகோ கோலாவில் உண்மையான கரும்புச் சர்க்கரையைப் பயன்படுத்த அந்நிறுவனம் இசைந்துவிட்டது என்பதே அந்த அறிவிப்பு. ஆறு நாள் கழித்து நிறுவனம் வாய் திறந்தபோது சொன்னது வேறு. ஏற்கெனவே விற்கும் பானம் அப்படியே தொடரும். கரும்புச் சர்க்கரை சேர்த்த இன்னொரு வகையும் கூடுதலாகச் சந்தைக்கு வரும். அவ்வளவுதான்.

இருப்பினும், மக்காச்சோளப் பாகின் ஆட்சி முடிவுக்கு வருகிறது என்றும், இயற்கையான இனிப்பு திரும்பி வருகிறது என்றும், மக்களின் உடல்நலத்தில் அரசுக்கு அக்கறை பிறந்துவிட்டது என்றும் பெரும் முழக்கம் எழுப்பப்பட்டது. இந்த முழக்கத்தை இந்திய உழைப்பாளி மக்கள் வேடிக்கைச் செய்தியாகக் கடந்துபோக முடியாது. ஒரு புட்டி குளிர்பானத்தின் இனிப்பு எங்கிருந்து வர வேண்டும் என்பதைக் கடந்த அரை நூற்றாண்டாகத் தீர்மானித்துவருவது மக்களின் நாக்கும் அல்ல, மருத்துவமும் அல்ல. மூலதனமும் அதற்குச் சேவகம் செய்யும் அரசும்தான்.

மக்காச்சோளப் பாகு வந்த வழி

மக்காச்சோள மாவுச்சத்தை நொதிகளின் துணையோடு குளுக்கோஸாக மாற்றி, அதில் ஒரு பகுதியை மேலும் இனிப்பான பிரக்டோஸாக மாற்றினால் கிடைப்பது இந்தப் பாகு. 1960களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் செம்மைப்படுத்திய இத்தொழில்நுட்பம் 1967இல் அமெரிக்காவில் வணிக உற்பத்திக்கு வந்தது. ஆனால் தொழில்நுட்பம் மட்டுமே ஒரு பண்டத்தை அரியணையில் ஏற்றிவிடாது. அதற்கு அரசின் கை தேவைப்பட்டது.

1970களில் நிக்சன் ஆட்சியின் வேளாண் செயலாளராக இருந்த ஏர்ல் பட்ஸ், வேலி முதல் வேலி வரை பயிரிடுமாறு விவசாயிகளைத் தூண்டினார். சிறு விவசாயி பெருக்க வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என்பதே அன்றைய கொள்கை. அரசின் மானியத்தோடு மக்காச்சோளம் மலையாகக் குவிந்தது. மறுபுறம் 1982இல் ரீகன் ஆட்சி வெளிநாட்டுச் சர்க்கரைக்கு இறக்குமதி ஒதுக்கீட்டு வரம்பை விதித்தது. உள்நாட்டில் சர்க்கரை விலை உலகச் சந்தை விலையைவிட மிக உயரத்தில் நிறுத்தப்பட்டது. மலிவான சோளம் ஒரு பக்கம், விலையேற்றப்பட்ட சர்க்கரை மறுபக்கம். இடையில் லாபம் அறுத்தவை ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட், கார்கில் போன்ற வேளாண் வணிக ஏகபோகங்கள். 1984 நவம்பரில் கோகோ கோலா, பெப்சி ஆகிய இரு நிறுவனங்களும் தங்கள் அமெரிக்கப் பானங்களில் சர்க்கரையை முற்றாகக் கைவிட்டுப் பாகுக்கு மாறின.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பது தமிழ்ப் பழமொழி. அமெரிக்காவில் ஆலையும் இருந்தது, கரும்பும் இருந்தது. இலுப்பைப் பூவைச் சர்க்கரை ஆக்கியது சட்டம். தடையற்ற சந்தையின் புகழ் பாடியவர்கள் தமக்குத் தேவையான சந்தையை அரசாணையால் உருவாக்கிக்கொண்டனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்தச் சந்தைக்குள்ளும் போட்டி உண்மையாக இருந்ததா? பாகின் விலையை உற்பத்தியாளர்கள் கூட்டுச் சேர்ந்து நிர்ணயித்தனர் என்று தொடுக்கப்பட்ட வழக்கை முடித்துக்கொள்ள ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் 2004இல் 40 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

நீக்ரோஸ் தீவின் பட்டினி

இந்த மாற்றத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வேறொரு கண்டத்தில் இருந்தனர். பிலிப்பைன்சின் நீக்ரோஸ் தீவு அமெரிக்கச் சந்தையை நம்பியே கரும்பு வளர்த்த தீவு. காலனியாட்சியும் அதன்பின் வந்த வணிக ஒப்பந்தங்களும் அத்தீவின் மண்ணை ஒற்றைப் பயிருக்குள் அடைத்து வைத்திருந்தன. 1980இல் ஒரு பவுண்டு சர்க்கரை உலகச் சந்தையில் 40 சென்ட்டைத் தொட்டது. 1985இல் 3 சென்ட்டுக்கும் கீழே வீழ்ந்தது. அமெரிக்காவின் ஒதுக்கீட்டு வரம்பும், பாகுக்கு மாறிய பெருநிறுவனங்களும், சர்க்கரை வணிகத்தை ஏகபோகமாக வைத்திருந்த மார்க்கோஸ் கும்பலின் கொள்ளையும் ஒன்றுசேர்ந்து தோட்டத் தொழிலாளர்களை நசுக்கின. முதலாளிகள் தோட்டங்களைத் தரிசாகப் போட்டனர். நிலமற்ற தொழிலாளிக்கு உணவுப் பயிர் விளைக்க ஒரு சாண் நிலமும் தரப்படவில்லை. குழந்தைகள் பட்டினியால் எலும்பும் தோலுமாயினர்.

1985 செப்டம்பர் 20 அன்று அத்தீவின் எஸ்கலான்டே நகரில் கூடிய கரும்புத் தொழிலாளர்கள், விவசாயிகள், மாணவர்கள் மீது அரசுப் படைகள் சுட்டதில் 20 பேர் உயிரிழந்தனர். உலகின் ஒரு மூலையில் குளிர்பானத்தின் கலவை மாறியபோது மறுமூலையில் பிணங்கள் விழுந்தன.

மெக்சிகோவுக்குக் கற்பித்த பாடம்

மெக்சிகோவின் கதையும் இதே ஏகாதிபத்தியத்தின் இன்னொரு முகம். 1994இல் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், மானியம் பெற்ற அமெரிக்க மக்காச்சோளம் அந்நாட்டுச் சந்தையில் வெள்ளமாகப் பாய்ந்தது. மக்காச்சோளம் பிறந்த மண்ணிலேயே மக்காச்சோள விவசாயி நிலைகுலைந்தான். பாகும் உள்ளே நுழைந்தது. மெக்சிகோவின் சர்க்கரைக்கோ அமெரிக்கக் கதவு முழுமையாகத் திறக்கவில்லை.

2002இல் மெக்சிகோ நாடாளுமன்றம், கரும்புச் சர்க்கரை அல்லாத இனிப்பு சேர்த்த குளிர்பானங்களுக்கு 20 சதவீத வரி விதித்தது. தன் கரும்பு விவசாயிகளைக் காக்க ஓர் இறையாண்மை நாடு எடுத்த எளிய நடவடிக்கை அது. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குச் சென்றது, தீர்ப்பு மெக்சிகோவுக்கு எதிராக வந்தது, வரி கைவிடப்பட்டது. அதோடு முடியவில்லை. தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் முதலீட்டுப் பாதுகாப்புப் பிரிவைப் பயன்படுத்திப் பாகு உற்பத்தி நிறுவனங்கள் மெக்சிகோ அரசின் மீதே நடுவர் மன்றங்களில் வழக்குத் தொடுத்தன. மூன்று வழக்குகளில் அந்நாட்டு மக்களின் வரிப்பணத்திலிருந்து சுமார் 17 கோடி டாலர் இழப்பீடாகத் தருமாறு உத்தரவிடப்பட்டது. இன்று அதே மெக்சிகோவிலிருந்து கண்ணாடிப் புட்டியில் வரும் கரும்புச் சர்க்கரைக் கோலாவை அமெரிக்க நடுத்தர வர்க்கம் கூடுதல் விலை கொடுத்துச் சுவைக்கிறது.

உடல்நலம் என்னும் முகமூடி

கரும்புச் சர்க்கரை உடலுக்கு நல்லது என்னும் வாதத்தில் உண்மை எவ்வளவு? சர்க்கரையில் குளுக்கோசும் பிரக்டோசும் சரிபாதி. குளிர்பானத்தில் சேர்க்கப்படும் பாகில் பிரக்டோஸ் 55 சதவீதம். உடல் இவ்விரண்டையும் ஏறத்தாழ ஒரே விதமாகவே ஏற்கிறது. 355 மில்லிலிட்டர் டின் ஒன்றில் 39 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்குச் சேர்க்கப்படும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பதே மேலும் நன்று என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, கேடு விளைவிப்பது இனிப்பின் அளவு. அதன் குலமும் கோத்திரமும் அல்ல.

மக்களின் உடல்நலத்தில் உண்மையான அக்கறை கொண்ட ஆட்சி அதே ஜூலையில் என்ன செய்தது? ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட வரி, செலவினச் சட்டம் ஏழைகளுக்கான மருத்துவ உதவியையும் உணவு உதவியையும் வெட்டியது. 2034க்குள் சுமார் 1 கோடிப் பேர் மருத்துவக் காப்பீட்டை இழப்பர் என அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரவு செலவு அலுவலகமே கணித்தது. அதே சட்டம் கரும்புச் சர்க்கரைக்கான அரசு ஆதரவு விலையைப் பவுண்டுக்கு 19.75 சென்ட்டிலிருந்து 24 சென்ட்டாக உயர்த்தியது. உலகின் மிகப்பெரும் கரும்புச் சர்க்கரை ஏற்றுமதியாளரான பிரேசிலுக்கு 50 சதவீத வரி என்ற அச்சுறுத்தலும் அந்த மாதத்தில்தான் வந்தது.

இதற்குச் சில மாதங்களுக்கு முன், 2025 மார்ச்சில், இன்னொரு சலுகையும் சத்தமின்றி வழங்கப்பட்டது. டொமினிக்கன் குடியரசின் சென்ட்ரல் ரொமானா நிறுவனத்தின் கரும்புத் தோட்டங்களில் ஹைதி நாட்டுத் தொழிலாளர்கள் கட்டாய உழைப்புக்கு உள்ளாக்கப்படுவதற்கான அறிகுறிகள் இருப்பதாகக் கூறி, 2022 நவம்பரில் அதன் சர்க்கரைக்கு அமெரிக்க சுங்கத்துறை தடை விதித்திருந்தது. அத்தடை நீக்கப்பட்டது. அந்நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கும் ஃபான்ஹுல் குடும்பமே புளோரிடாவின் சர்க்கரைப் பேரரசர்கள். டிரம்பின் நெடுநாள் நன்கொடையாளர்கள். பாகு முதலாளிகளுக்கும் சர்க்கரை முதலாளிகளுக்கும் இடையிலான பங்காளிச் சண்டையில் யார் கை ஓங்குகிறது என்பதுதான் இங்கே நடப்பது. இதற்கு மக்கள் நலன் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

இந்தியாவின் புட்டியில் என்ன இருக்கிறது?

இந்தியாவில் இந்நிறுவனங்களின் பானங்களில் சேர்வது கரும்புச் சர்க்கரைதான். அமெரிக்கர்கள் இன்று வரமாகக் கேட்பது இங்கே 1993 முதல் கிடைத்துவருகிறது. அதனால் யாருக்கு என்ன நன்மை விளைந்தது?

கேரளத்தின் பிளாச்சிமடையில் 2000 முதல் 2004 வரை இயங்கிய கோகோ கோலா ஆலை, ஆதிவாசி மக்களின் கிணறுகளைப் பாழாக்கியது. 2010இல் மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு 216 கோடி ரூபாய் இழப்பு என மதிப்பிட்டது. இழப்பீடு வழங்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரள சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியும், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டாமல் அது சட்டமாகவில்லை.

கரும்பு வயலுக்கு வருவோம். 2025-26 பருவத்திற்கு மோடி அரசு அறிவித்த நியாய ஆதாய விலை, 10.25 சதவீத சர்க்கரைக் கட்டுமானத்திற்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். 20 ரூபாய்க்கு விற்கும் 250 மில்லிலிட்டர் புட்டியில் சுமார் 26 கிராம் சர்க்கரை உண்டு. அதற்குத் தேவைப்படும் கால் கிலோ கரும்புக்கு விவசாயி பெறுவது ஒரு ரூபாய்க்கும் குறைவு. அந்தக் கரும்பை வெட்டிக் கட்டி வண்டியேற்றும் மகாராஷ்டிரத் தொழிலாளிக்கு டன்னுக்குக் கிடைக்கும் கூலி 400 ரூபாயைக்கூட எட்டவில்லை. அக்கணக்கில் ஒரு புட்டிக்கு அவர் பெறுவது 10 பைசா. அதுவும் ஓர் ஆளுக்கு அல்ல. கணவன், மனைவி இருவரும் சேர்ந்து ஒரு ‘கொய்தா’, அதாவது ஓர் அரிவாள் என்றே அங்கு கணக்கிடப்படுகின்றனர்.

வறட்சியால் வாடும் மராத்வாடாவின் பீட் மாவட்டத்திலிருந்தும் அதன் அண்டை மாவட்டங்களிலிருந்தும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் மேற்கு மகாராஷ்டிரத்திற்கும் கர்நாடகத்திற்கும் கரும்பு வெட்டச் செல்கின்றனர். முகாதம் எனப்படும் ஒப்பந்தக்காரரிடம் வாங்கிய முன்பணம் அவர்களைக் கட்டிப்போடுகிறது. உடல்நலமின்றி ஒரு நாள் ஓய்ந்தாலும் தண்டம். மாதவிடாயும் கர்ப்பமும் இங்கே கூலியிழப்பு. இதன் கொடிய விளைவை மகாராஷ்டிர அரசு 2019இல் அமைத்த குழுவே பதிவு செய்தது. ஆய்வுக்கு உட்பட்ட பீட் மாவட்டப் பெண் தொழிலாளர் 82 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் 13 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் கருப்பை அகற்றும் அறுவைக்கு உள்ளாகியிருந்தனர். இவ்வயல்களின் சர்க்கரை கோகோ கோலா, பெப்சி நிறுவனங்களுக்குச் செல்வதை 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் நாளேடு விரிவாக வெளியிட்டது. ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் இந்தியப் பெண்கள் பட்ட துயரைப் பாரதி பாடி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. கடல் கடக்காமலே அத்துயரம் இங்கு தொடர்கிறது.

எச்சரிக்கையும் கடமையும்

இந்நிலையில், மக்காச்சோளத்தை வாங்குமாறு அமெரிக்கா இந்தியாவை நெருக்குகிறது. 140 கோடி மக்கள் கொண்ட நாடு எங்கள் மக்காச்சோளத்தைத் துளியும் வாங்குவதில்லையே என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க வர்த்தகச் செயலாளர் ஹோவர்ட் லுட்னிக் வெளிப்படையாகவே குறைகூறினார். மரபணு மாற்றப்பட்ட, மானியத்தில் விளைந்த அம்மக்காச்சோளத்திற்குக் கதவு திறந்தால் பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், தமிழ்நாடு என எங்கும் மக்காச்சோளம் பயிரிடும் சிறு விவசாயிக்கு மெக்சிகோ விவசாயியின் கதியே நேரும். முதலில் தீவனத்திற்கு என்பார்கள், பிறகு எத்தனாலுக்கு என்பார்கள், பாகும் பின்தொடரும்.

எனவே, கரும்பா மக்காச்சோளமா என்று மூலதனம் முன்வைக்கும் கேள்விக்குள் உழைப்பாளி மக்கள் சிக்கிக்கொள்ளக் கூடாது. சாகுபடிச் செலவோடு 50 சதவீதம் சேர்த்த விலை விவசாயிக்குச் சட்டப்படி உறுதியாக்கப்பட வேண்டும். கரும்பு வெட்டுவோரை ஆலைகளின் தொழிலாளர்களாக ஏற்று, பெண்ணுக்குத் தனிக்கூலி, மருத்துவ விடுப்பு, வருங்கால வைப்பு நிதி அனைத்தும் வழங்க வேண்டும். முன்பணக் கொத்தடிமை முறை ஒழிக்கப்பட வேண்டும். 10 கோடிக்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளிகள் வாழும் நாட்டில், புட்டியின் முகப்பிலேயே சர்க்கரை அளவு குறித்த எச்சரிக்கை கட்டாயமாக்கப்பட வேண்டும். வணிகப் பேச்சுவார்த்தைகளில் வேளாண்மை அடகு வைக்கப்படக் கூடாது. விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் ஒரே அணியில் நின்றால்தான் இவை கைகூடும். அந்த அணியைக் கிராமம் கிராமமாகக் கட்டுவது தோழர்களின் கடமை.

கரும்பு தின்னக் கூலியா என்று கேட்பது வழக்கம். கரும்பு வெட்டியவருக்குக் கூலி எங்கே என்று கேட்க வேண்டிய காலம் இது.